கூட்ஸ் வண்டிக்கு யார் பொறுப்பு?

ரிஷிவந்தியத்துக்கு ரயில் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பெயர் அர்த்தநாரீஸ்வரர் கோயிலாலோ, 2011 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் இங்கே நின்று ஜெயித்ததாலோதான் தெரிந்திருக்கும். ரயிலேற வேண்டுமென்றால் திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை, சின்னசேலம் என்று எங்காவது பஸ் பிடித்துப் போக வேண்டும். 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகராகிவிட்ட கள்ளக்குறிச்சிக்கும் இதே கதிதான். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பதினாறு கிலோமீட்டர் புதுப்பாதை போட 2006-07 பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள். இப்படி வருகிற ரயிலுக்காகக் காத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு போன ரயிலைக் காப்பாற்றுவது பற்றி எழுதினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், விஷயம் இருக்கிறது.

திருக்கோவிலூர் என்று பலகை மாட்டியிருக்கும் ரயில் நிலையம் இருப்பது தென்பெண்ணைக்கு அக்கரையில், அரகண்டநல்லூரில். அதே ஊரில்தான் பெரிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் அரிசி ஆலைகளும் இருக்கின்றன. எங்கள் பக்கத்து விவசாயிக்கு அது கமிட்டி ஊர். நெல்லும் மல்லாட்டையும் உளுந்தும் மூட்டை மூட்டையாகப் போகிற ஊர். இந்த மாதிரி ஊர்களில் ரயில் என்றால் முதலில் சரக்கு, பிறகுதான் பயணி. ஆனால் ரயிலின் வரலாற்றைக் காப்பாற்றுவதாகச் சொல்லி நாம் எடுத்து வைத்திருப்பவற்றைப் பாருங்கள். வைஸ்ராயின் சலூன், மகாராஜாவின் பெட்டி, பளபளவென்று தேய்த்த கரி எஞ்சின். மூட்டை சுமந்த வேகனும், அதன் கடைசியில் ஆடிக்கொண்டே போன கார்டு வண்டியும் பெரும்பாலும் பழைய இரும்புக் கணக்கில் ஏலத்துக்குப் போய்விட்டன.

இந்தியாவில் ரயில் என்றால் 1853 ஏப்ரல் 16, போரிபந்தரிலிருந்து தாணே என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பயணி ரயிலின் பிறந்தநாள். தண்டவாளத்தில் சரக்கு அதற்கு முன்பே ஓடியாகிவிட்டது, அதுவும் சென்னையில். 1837 வாக்கில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடுவதற்கான கல்லைக் கொண்டுவர ஒரு பாதை போடப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் பிற்காலத்தில் கோதாவரி அணைக்கட்டால் பெயர் பெற்ற ஆர்தர் காட்டன். 1840களில் அந்தக் கோதாவரி வேலைக்கும் தவளேஸ்வரத்தில் கல் சுமக்கத் தண்டவாளம் போட்டார்கள். 1851 டிசம்பரில் ரூர்க்கி பக்கம் சோலானிப் பாலத்துக்கு மண் சுமக்க ‘தாமசன்’ என்ற எஞ்சின் ஓடியது. 1855-இல் ஹவுராவிலிருந்து ராணிகஞ்சுக்குப் பாதை போனதும் நிலக்கரிக்காகத்தான். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய வண்டியைத்தான் தென்னிந்தியாவின் முதல் ரயிலாகக் கொண்டாடுகிறோம். ராயபுரம் நிலையக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. செங்குன்றத்துக் கல் வண்டியை நினைவுபடுத்த ஒரு கொக்கிகூட மிஞ்சவில்லை.

சரக்கு ரயிலை வெறும் ஏக்கத்தோடு பார்ப்பதும் சரியில்லை. 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தைத் தின்ற பெரும்பஞ்சத்தில் நிவாரண தானியம் வந்ததும் ரயிலில்தான், உள்ளூர்த் தானியம் நல்ல விலை தேடி வெளியே போனதும் ரயிலில்தான். பாதையோரத்தில் மூட்டைகள் அடுக்கிக் கிடக்க, பக்கத்தில் மனிதர்கள் செத்தார்கள் என்ற விமர்சனம் அந்தக் காலத்திலேயே எழுந்தது. ஒரு பழைய தானிய வேகனைப் புதுப்பித்து நிறுத்தினால் அதன் பக்கத்தில் வைக்கும் பலகையில் இதுவும் இருக்க வேண்டும். பயணிப் பெட்டியைவிடச் சரக்கு வேகனுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகன்கள் எப்படி மறைந்தன என்பதற்கு வருவோம். ஒரு காலத்தில் ஒரு வியாபாரி ஒரே ஒரு வேகனை புக் செய்து வெல்லமோ புளியோ அனுப்பலாம். நான்கு சக்கர மூடு வேகன், அகலப் பாதையில் ஏறத்தாழ 22 டன் பிடிக்கும். ஷண்டிங் எஞ்சின் வந்து அதைக் கூட்ஸ் ஷெட்டிலிருந்து இழுத்து, போகிற வண்டியில் கோத்துவிடும். வழியில் யார்டு யார்டாகப் பிரித்துப் பிரித்துச் சேர்ப்பார்கள். எப்போது போய்ச் சேரும் என்று அனுப்பியவருக்கும் தெரியாது, நிலைய அதிகாரிக்கும் தெரியாது. 1980களில் ரயில்வே இந்தத் தலைவலியை விட்டொழிக்கத் தொடங்கியது. நாற்பதுக்கு மேற்பட்ட வேகன்கள் கொண்ட முழு ரேக்காகவே சரக்கை ஏற்றுவது, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்குவது என்று முறை மாறியது. ஏறத்தாழ 2,500 டன் சேர்ந்தால்தான் ஒரு ரேக். நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் உரத்துக்கும் அரசாங்கத்து அரிசிக்கும் அது சரிப்பட்டு வரும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கடுக்காய்க்கும் புளிக்கும் சரிப்பட்டு வராது. சின்ன வியாபாரி லாரிக்குப் போனார். சின்ன ஸ்டேஷன்களின் கூட்ஸ் ஷெட்டுகளில் ஆடு படுத்தது.

ரயில்வேயைக் குறை சொல்ல முடியாது. 2023-24-இல் இந்திய ரயில்கள் சுமந்த சரக்கு 150 கோடி டன்னுக்கு மேல். பழைய நான்கு சக்கர வேகனையும் வேக்குவம் பிரேக்கையும் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் அது நடந்திருக்காது. இதற்கு நடுவே 1992-இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் வந்தது. விழுப்புரம்–காட்பாடி, சேலம்–விருத்தாசலம் என்று எங்கள் மாவட்டத்தை ஒட்டி ஓடிய மீட்டர் கேஜ் பாதைகள் இரண்டும் அதில் அகலமாயின. அகலப் பாதை வேகனுக்குப் பழைய வண்டியோடு ஏதாவது உறவு இருக்கும். மீட்டர் கேஜ் வேகனுக்கு அதுவும் இல்லை. பாதை போனால் அந்த இனமே போயிற்று. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் கேஜ் மிச்சமிருப்பது நீலகிரி மலைப்பாதையில் மட்டும்தான்.

ஒரு பழைய வேகனில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டில் வெள்ளைப் பெயிண்டில் வெறும் எடை, ஏற்றும் எடை, கடைசியாகப் பட்டறைக்குப் போன தேதி, திரும்ப வேண்டிய தேதி எல்லாம் எழுதியிருக்கும். கீழே ஒரு சின்னக் கம்பிச் சட்டம். எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு என்று எழுதிய லேபிள் அதில் செருகப்படும். கதவில் ஈய முத்திரை. சக்கரத்தின் மேலே இரும்புப் பெட்டி மாதிரி இருப்பது ஆக்ஸில் பெட்டி. பழைய வகையில் அதற்குள் எண்ணெயில் ஊறிய பஞ்சுக்கழிவு அடைத்திருப்பார்கள். எண்ணெய் வறண்டால் உராய்ந்து சூடேறிப் புகையும். அதற்கு ‘ஹாட் ஆக்ஸில்’ என்று பெயர். வழியிலுள்ள ஏதோ ஒரு ஸ்டேஷனில் அந்த வேகனைக் கழற்றிவிட்டுப் போக வேண்டியதுதான். டிஎக்ஸ்ஆர் என்று அழைக்கப்படும் பரிசோதகர் நீளக் காம்புச் சுத்தியலோடு வண்டி நெடுக நடந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுப்பார். விரிசல் விட்ட சக்கரத்தின் சத்தம் வேறு. இதையெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்ட முடியாது. வேகன் உருண்டால்தான் பஞ்சுக்கும் சுத்தியலுக்கும் வேலை.

உருட்டிக் காட்டுகிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள், பெரும்பாலும் சம்பளமில்லாமல். வேல்ஸில் தால்லின் என்ற குறுகிய பாதை 1865-இல் மலையிலிருந்து கற்பலகை இறக்குவதற்காகப் போடப்பட்டது. 1946-இல் சுரங்கம் மூடியது, 1950-இல் முதலாளி இறந்தார். அதே ஆண்டு பர்மிங்ஹாமில் கூடிய சிலர், எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் முன்னிற்க, நாமே நடத்துவோம் என்று சங்கம் அமைத்தார்கள். 1951 மே 14 அன்று வண்டி ஓடியது. தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய உலகின் முதல் ரயில்பாதை அதுதான், பிறப்பால் சரக்குப் பாதை. அதே வேல்ஸில் 1836-இல் திறந்த ஃபெஸ்டினியாக் பாதையில் கற்பலகை ஏற்றிய வண்டிகள் எஞ்சினே இல்லாமல் சரிவில் உருண்டு துறைமுகத்துக்கு இறங்கின. வெறும் வண்டிகளைத் திரும்ப மேலே இழுத்தவை குதிரைகள். இறங்கும்போது குதிரைகளுக்கும் ஒரு தனி வண்டி உண்டு, அவையும் பயணி போல நின்றுகொண்டே வரும். அந்தச் சரிவு ஓட்டத்தை இன்றும் சிறப்பு நாட்களில் தன்னார்வலர்கள் நடத்திக் காட்டுகிறார்கள், வண்டிகளின் மேல் பிரேக்குக்கு ஆள் உட்கார.

இங்கிலாந்தின் லஃப்பரோவில் கிரேட் சென்ட்ரல் பாதை இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பாதைகளில் இரட்டைத் தண்டவாளம் கொண்டது அது. அங்கே 16 டன் நிலக்கரி வேகன்களைத் துருச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, ஒரு முழு வரிசையாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கொலராடோவுக்கும் நியூமெக்சிகோவுக்கும் நடுவே கும்ப்ரெஸ்–டோல்டெக் என்று 64 மைல் மலைப்பாதை. 1880-இல் போட்டது, பத்தாயிரம் அடி உயரக் கணவாயைத் தாண்டுகிறது. பழைய கம்பெனி கைவிட்டதும் 1970-இல் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து விலைக்கு வாங்கின. 1988-இல் உருவான நண்பர்கள் சங்கத்தின் ஆட்கள் ஒவ்வொரு கோடையிலும் வந்து மாட்டு வேகன், ஐஸ் வேகன், எண்ணெய் டாங்க், திறந்த வேகன் என்று ஒவ்வொன்றாகப் பலகை மாற்றி நிறுத்துகிறார்கள். வந்து சுத்தியல் பிடிப்பவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் ஏராளம்.

பணம் எப்படி வருகிறது? இந்தக் கேள்வியில்தான் சரக்கு வண்டிப் பாதுகாப்பு பயணிப் பெட்டிப் பாதுகாப்பிலிருந்து பிரிகிறது. பயணிப் பெட்டியைப் புதுப்பித்தால் டிக்கெட் விற்கலாம். வேகனில் யாரை உட்கார வைப்பது? வேகனுக்கு வருமானம் தருபவர்கள் புகைப்படக்காரர்கள்தான். மூடுபனிக் காலையில் புகை கக்கும் எஞ்சினும் பின்னால் இருபது வேகனும் வேண்டும் என்று சேர்ந்து பணம் கட்டி ஒரு நாள் வண்டியை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரே வளைவில் வண்டியைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டச் சொல்வார்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டுவதை இன்னொரு தரம் காட்டச் சொல்லும் கேமராக்காரர் தோற்றார். அந்தப் பணத்தில் அடுத்த வேகனுக்குப் பலகை வருகிறது. மற்றபடி சந்தா, நன்கொடை, யாராவது எழுதி வைத்துவிட்டுப் போகும் உயில்.

இந்த முறையை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே கம்பெனியோ அரசோ கைவிட்ட பாதையை மக்கள் எடுத்துக்கொள்ள வழி இருந்தது. இங்கே பாதை, நிலம், எஞ்சின், வேகன், கைவிட்ட தண்டவாளத்துண்டு வரை எல்லாம் ரயில்வேயின் சொத்து. 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் காலை வைத்தாலே குற்றம். ஆசையோடு ஸ்பேனர் எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போகிறவரை ஆர்பிஎஃப் பிடித்து உட்கார வைக்கும். அதனால் இந்தியாவில் பாதுகாப்பு என்பது இலாகாவின் வேலையாக இருக்கிறது, தன்னார்வலர் வெளியே நின்று மனு எழுதுகிறவராக இருக்கிறார்.

மனுவுக்கும் பலன் உண்டு. டார்ஜிலிங் மலைப்பாதைக்கு 1997-இல் இங்கிலாந்தில் ஒரு ஆர்வலர் சங்கம் பிறந்தது. 1999-இல் அந்தப் பாதை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2005-இல் நீலகிரி, 2008-இல் கால்கா–சிம்லா. ஊட்டியில் ஹெரிடேஜ் ஸ்டீம் சாரியட் டிரஸ்ட் என்ற அமைப்பு நீலகிரி ரயிலுக்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறது. 1977 பிப்ரவரி 1 அன்று டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்ததற்குப் பின்னால் மைக்கேல் சாட்டோ என்ற ஆங்கிலேய ஆர்வலரின் தேடலும் ஆலோசனையும் இருந்தன. இலாகாவின் கைவேலையையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1855-இல் லீட்ஸில் செய்த ஈஐஆர்-21 எஞ்சினை 2010-இல் பெரம்பூர் பட்டறைத் தொழிலாளர்கள் மறுபடி ஓடவைத்தார்கள். எழும்பூர்–கோடம்பாக்கம் பாதையில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. திருச்சி பொன்மலைப் பட்டறை நீலகிரிக்கான எக்ஸ் வகை எஞ்சின்களைப் புதிதாகவே செய்து கொடுத்தது.

ஆனால் இந்த வரிசையில் சரக்கு எங்கே? பெங்கால்–நாக்பூர் ரயில்வேயின் நிலக்கரி இழுத்த பிரம்மாண்டமான கேரட் எஞ்சின்கள் இரண்டு பிழைத்திருக்கின்றன, ஒன்று டெல்லி அருங்காட்சியகத்தில், மற்றொன்று கரக்பூரில். சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-இல் செய்த முதல் எஞ்சின் ‘தேஷ்பந்து’ சரக்கு இழுக்கும் டபிள்யூஜி வகை; 1970-இல் அங்கே செய்த கடைசி அகலப் பாதை நீராவி எஞ்சின் ‘அந்திம் சிதாரா’வும் அதே வகைதான். சுதந்திர இந்தியா நீராவியைத் தொடங்கியதும் முடித்ததும் கூட்ஸ் எஞ்சினில். மொத்தம் 2,450 டபிள்யூஜி எஞ்சின்கள் ஓடின. மீட்டர் கேஜில் ஒய்ஜி வகை மட்டும் ஆயிரத்துக்கு மேல். இவற்றில் சிலவற்றை அலுவலக வாசலிலும் ஜங்ஷன் முகப்பிலும் மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். எஞ்சின் தப்பிய இடத்திலும் அது இழுத்த வேகன் வரிசை தப்பவில்லை. சுமை இல்லாத சுமை எஞ்சினைப் பார்த்துக் குழந்தைகள் என்ன புரிந்துகொள்வார்கள்?

மலைப்பாதைகளின் கதை இன்னும் மோசம். மூணாறு தேயிலையைக் கீழே இறக்க 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள், 1908-இல் அது குறுகிய பாதை ரயிலானது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலில், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி நம் குரங்கணிக்கு, அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு. 1924 வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கிய கொச்சி வன டிராம் பாதை 1907-இல் தொடங்கி 1963 வரை ஓடியது. பழைய தண்டவாளத் துண்டும் சில படங்களும்தான் இன்று அவற்றுக்குச் சாட்சி. இலங்கையிலும் 1864-இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ரயில் வந்தது காப்பித் தோட்டக்காரர்களின் நெருக்குதலால்தான். 2014-இல் கடுகண்ணாவையில் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகிற தமிழர்கள் அந்தக் காப்பி மூட்டைகளைச் சுமந்தவர்கள் யார் என்று கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மலையகத்துக்கு நடந்தே போனவர்களைப் பற்றி அல்லவா நாம் பேசிக்கொண்டிருப்பது.

அதனால் வேகனோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டியது ஆட்களின் நினைவு. கூட்ஸ் ஷெட்டில் முதுகில் மூட்டை ஏற்றியவர், குத்தூசி போட்டு அரிசி மாதிரி எடுத்தவர், இரண்டு வேகனுக்கு நடுவே புகுந்து கொக்கி மாட்டிய ஷண்டிங்காரர், ராத்திரி முழுக்க விளக்கோடு கார்டு வண்டியில் குளிரில் உட்கார்ந்திருந்த கார்டு. 2022-இல் கார்டுக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று புதுப்பெயர் வந்துவிட்டது. வண்டியின் வாலில் ஒரு மின்னணுக் கருவியை மாட்டிவிட்டால் கார்டு வண்டியே வேண்டாம் என்ற ஏற்பாடும் நடக்கிறது. இந்த நினைவைச் சேர்க்க யார் அனுமதியும் வேண்டாம், 147-ஆம் பிரிவும் குறுக்கே வராது. அரகண்டநல்லூரிலோ சின்னசேலத்திலோ எழுபது வயது தாண்டிய சுமைதூக்கும் தொழிலாளிகளைத் தேடி ஒரு செல்போனில் பதிவு செய்தால் போதும். கல்லூரி வரலாற்றுத் துறைகள் செய்யக்கூடிய வேலை. வேகன் எப்போதாவது கிடைத்தாலும் கிடைக்கும், இவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

ஓடுகிற வேகன் என்று ஒன்று தமிழ்நாட்டில் வேண்டுமானால் அதற்கு இடம் ஒன்றுதான் இருக்கிறது: மேட்டுப்பாளையம். அங்கிருந்து கல்லாறு வரை ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் சமதளம், பல்சக்கரம் தேவையில்லை. கல்லாறுக்கு மேலேதான் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் செங்குத்து. ஊட்டிக்குப் போகும் வண்டி காலை ஏழேகாலுக்குள் கிளம்பிவிடும், பிறகு பாதை வெகுநேரம் சும்மா கிடக்கிறது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் முன்மேடையில் நின்று, எஞ்சின் விசிலைக் கேட்டுக் கைப்பிரேக் போடும் பழைய தொழில் உயிரோடு இருப்பதும் அந்தப் பாதையில்தான். கூட்ஸ் வண்டியை நிறுத்திய தொழிலும் அதுவே. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பொன்மலையில் எஞ்சினையே புதிதாகச் செய்தவர்களுக்கு நான்கு மீட்டர் கேஜ் வேகனும் ஒரு கார்டு வண்டியும் பெரிய வேலையா? சரக்குக்கும் பஞ்சமில்லை, மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிகளின் ஊர். 2020 ஊரடங்கில் மாத்தேரான் மலை ரயில் ஊருக்கு அத்தியாவசியச் சரக்கு ஏற்றிப் போனது, ஆக இது விதிகளுக்கு அப்பாற்பட்ட காரியமும் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பத்து மூட்டை கிழங்கோடு கல்லாறு போய்த் திரும்பட்டும். டிஎக்ஸ்ஆர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாராவது சுத்தியலோடு முன்னால் நடக்கட்டும். புகைப்படக்காரர்களிடம் தாராளமாகக் காசு வாங்கலாம். தன்னார்வலர்களுக்கு முறையான அடையாள அட்டையும் பாதுகாப்புப் பயிற்சியும் விபத்துக் காப்பீடும் கொடுத்து உள்ளே விடும் ஒரு சுற்றறிக்கைதான் முதல் தேவை, அதைப் போட வேண்டியது ரயில்வே வாரியம்.